தொடாமல் விட்டால் புதுசு வந்துவிடும்

செவ்வாய்க்கிழமை, மூன்று மணி தாண்டியாயிற்று, ராகுகாலம் பிறந்துவிட்டது, இந்த நேரம் பார்த்துத்தானா இவள் இதை ஆரம்பிக்க வேண்டும் என்று பூரணவல்லி நினைத்தாள், வாயைத் திறக்கவில்லை. சொல்லியிருக்கலாம். சொன்னால் சௌமியா சிரிக்க மாட்டாள், அதுதான் அவளிடம் உள்ள பெரிய கஷ்டம், ‘ஐயோ ஆமாக்கா, மறந்தே போச்சு’ என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு நாலரை மணிவரைக்கும் கையைக் கட்டி உட்கார்ந்திருப்பாள், அந்த அடக்கத்தையும் சாயங்காலம் இவர் வந்து கேட்டுவிட்டு, படிச்ச பிள்ளை எவ்வளவு தன்மையா இருக்கு பாரு என்பார். அதற்குச் சொல்லாமல் இருப்பதே மேல். கொழுந்தன் கணேசமூர்த்திக்குக் கட்டிவந்து ஒரு வருஷம்தான் ஆகிறது, அவன் மெட்ராஸில் வேலையில் இருக்கிறான், இவள் மாடியறையில் உட்கார்ந்தபடியே ஏதோ கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள், அந்த வேலைக்கு நடுவில் கீழே இறங்கிவந்து ஒரு விரல் அகலத் துண்டைக் கம்ப்யூட்டரின் பக்கத்தில் செருகி, நாலைந்து இடத்தில் தட்டி, திரை முழுக்க நீலமாக்கிவிட்டு, “அக்கா, இது பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கும். நடுவுல தானா அணையும், தானா எரியும், பயந்துராதீங்க. கீழ இருக்கிற பேட்டரிப் பெட்டி சுவிட்ச மட்டும் யாரும் தட்டிராம பாத்துக்கோங்க. உள்ள இருக்கிற சாப்ட்வேர்ல பழச கொஞ்சம் ஓரமா ஒதுக்கிட்டு புதுசுக்கு எடம் பண்ணுது, இந்த நேரத்துல கரண்டு போச்சுன்னா பழசுக்குத்தான் ஆபத்து. எனக்கு மேல மீட்டிங் இருக்கு, முடிச்சிட்டு ஓடியாந்துர்றேன்” என்று சொல்லி மாடிப்படியில் தடதடவென்று ஏறிப்போனாள். பழசை ஓரமாக ஒதுக்கிவிட்டு. எவ்வளவு லேசாகச் சொல்கிறாள். பூரணவல்லி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நீலத் திரைக்கு எதிரே உட்கார்ந்தாள். நடுவில் வெள்ளைப் புள்ளிகள் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு வட்டமாக ஓடின. எது முன்னால் போகிறது எது பின்னால் வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தால் கண் சொருகியது.

பழசில் என்ன குறை? வேகம் இல்லையாம். பேங்கு பக்கம் திறக்கவில்லையாம், கரண்டு பில் கட்டும் பக்கம் திறக்கவில்லையாம், எதைத் தட்டினாலும் நீ பழையவன் என்று திருப்பி அனுப்புகிறதாம். இவர் ஒரு மாதமாக அதைப் பிடித்துக்கொண்டு புலம்பினார். பேங்கு பக்கம் திறக்காவிட்டால் பேங்குக்குப் போக வேண்டியதுதானே, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தானே இருக்கிறது, இத்தனை வருஷம் போகவில்லையா? பூரணவல்லிக்குப் பழசில் வேண்டியதெல்லாம் இருந்தது. கீழேயிருந்து மூன்றாவது வரிசையில் ஒரு மஞ்சள் நட்சத்திரம், அதை இரண்டு தட்டுத் தட்டினால் ஜாதகம் திறக்கும். பிறந்த தேதி, நேரம், ஊர். மூன்றையும் போட்டு ஓரத்தில் உள்ள பச்சைக் கட்டத்தைத் தொட்டால் பன்னிரண்டு வீடும் நிரம்பி வரும், சூரியன் இங்கே, செவ்வாய் அங்கே என்று ஒவ்வொருவராக வந்து உட்காருவதைப் பார்க்கப் பந்தியில் இலை நிறைவது மாதிரி இருக்கும். அச்செடுத்து நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொடுப்பாள். அருப்புக்கோட்டையில் இந்தத் தெருவிலும் அடுத்த இரண்டு தெருவிலும் எந்தப் பிள்ளை பிறந்தாலும் ஆஸ்பத்திரியிலிருந்து நேரம் குறித்த சீட்டு முதலில் அவள் கைக்குத்தான் வரும். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் கையில் என்று யாரும் நினைத்ததில்லை. அந்த நட்சத்திரம் புதுசில் வராது என்று சௌமியா போன வாரமே சொல்லிவிட்டாள், ஜாதகம் அடங்கிய அந்த சீடித் தட்டை விற்ற கடையும் இப்போது இல்லை, “அதனாலதான்க்கா பழசையும் வச்சுக்கிடுவோம்னு சொல்றேன். ரெண்டும் ஒரே பெட்டிக்குள்ள இருக்கும். பெட்டியப் போட்டதும் ரெண்டு பேரும் வரிசையா நிப்பாங்க, உங்களுக்கு எது வேணுமோ அதத் தொட்டாப் போதும்.” ஒன்றும் தொடாமல் விட்டால்? என்று கேட்டது பூரணவல்லிதான். கேட்காமல் இருந்திருக்கலாம். “ஒண்ணும் தொடாம விட்டா புதுசு தானா வந்துரும்க்கா.”

தானாக வந்துவிடும். அந்த வார்த்தை ஒரு வாரமாக முள்ளாய்த் தைத்துக்கொண்டு கிடக்கிறது. அரிசி களையும்போது வருகிறது, துணி காயப்போடும்போது வருகிறது. பழசு வேண்டுமென்றால் ஒருத்தர் மெனக்கெட்டு, கை நீட்டி, இதுதான் எனக்கு வேணும் என்று தொட வேண்டும். இல்லாவிட்டால் அது பாட்டுக்கு நின்றுகொண்டே இருக்கும், புதுசு அதைத் தாண்டிக்கொண்டு கூடத்துக்கு வந்துவிடும். யார் தொடப்போகிறார்கள்? இவர் தொடுவாரா? இவர் பேங்கு பார்க்க உட்காருவார், கையைக் கட்டிக்கொண்டு இருப்பார், புதுசு வரும். ஒரு வீட்டில் இரண்டு பேர் என்றாலே அப்படித்தான். சீ, என்ன நினைப்பு இது. சௌமியா மகள் வயசுக்காரி, இவர் அவளை ம்மா என்றுதான் கூப்பிடுகிறார், அதில் ஒரு களங்கமும் கிடையாது, பூரணவல்லிக்கு அது நன்றாகவே தெரியும், தெரிந்து என்ன, களங்கம் இருந்தால்கூட ஊரைக் கூட்டிச் சண்டை பிடிக்கலாம், அழலாம், மதுரையில் இருக்கும் மகள் வீட்டுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகலாம். இதற்கு என்ன செய்வது? என் வீட்டுக்காரர் என் ஓரகத்தியிடம் சந்தேகம் கேட்கிறார் என்று யாரிடம் போய்ச் சொல்வது? கேட்கிறவள் சிரிப்பாள். ஆனால் அவர் கேட்கிற விதம் இருக்கிறதே. பஞ்சாலையில் இருநூறு பேருக்கு வருகை போடுகிற மனுஷன், ஒருத்தரையும் இரண்டு வார்த்தை பேசவிடாத மனுஷன், முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கழுத்தை நீட்டி உட்கார்ந்து, “எனக்கு மண்டையில ஏறலம்மா, இன்னொருக்கா சொல்லு” என்கிறார். முந்தாநாள் பூரணவல்லி அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் இலையும் தண்டுமாகக் கையை அப்படியே வைத்துக்கொண்டு அதைக் கேட்டாள். இன்னொருக்கா சொல்லு. இருபத்தெட்டு வருஷத்தில் அந்த வாய் அவளிடம் அதைச் சொன்னதில்லை. அவள் ஒருக்கா சொன்னதற்கே அவருக்குக் காதில்லை.

மேலே சௌமியாவின் இங்கிலீஷ் கேட்டது. நடுநடுவே சிரிப்பு. யாரோ முகம் தெரியாதவர்களோடு அவ்வளவு சரளமாக எப்படிச் சிரிக்க முடிகிறது? திரையில் புள்ளிகள் ஓடிக்கொண்டே இருந்தன, அடியில் ஒரு எண் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. இந்த மேசையில்தான், அப்போது இது ஜன்னல் பக்கம் கிடந்தது, இவர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். பஞ்சாலைக்கு எதிரே இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டை மூடும்போது வாங்கிவந்த பெட்டி. மகளைக் கட்டிக்கொடுத்து வீடு ‘ஓ’வென்று கிடந்த சமயம். மவுசை அவள் கையில் கொடுத்துவிட்டு அவள் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினார். திட்டவும் திட்டினார், பிடிச்சு நெரிக்காத, அது என்ன தோசைக்கரண்டியா என்று திட்டினார், ஆனாலும் கை எடுக்கவில்லை. அவர் விரல் இடுக்கில் பஞ்சு ஒட்டியிருக்கும். அவர் அழுத்திய இடத்தில்தான் இன்றைக்கும் அவள் அழுத்துகிறாள், மேலே என்ன எழுதியிருக்கிறது என்று எழுத்துக்கூட்டிப் பார்த்ததில்லை, இடம் தெரியும், நிறம் தெரியும், இருட்டில் உப்பு டப்பாவை எடுக்கிற மாதிரி. இடம் மாறிவிட்டால் அவ்வளவுதான், அடுப்படியைப் பிறத்தியார் அடுக்கிவைத்துவிட்டுப் போன மாதிரி ஆகிவிடும். அதற்கப்புறம் யார் வீட்டுப் பிள்ளைக்கு யார் ஜாதகம் எழுதுவது? இப்போதே என்ன ஆயிற்று? அடுத்த வீட்டு மல்லிகா பேரன் பிறந்த சந்தோஷத்தில் வாசலில் நின்றே நேரத்தைச் சொன்னாள், பூரணவல்லி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பெட்டியைப் போட வருவதற்குள், குழாயடியில் நின்ற சௌமியா செல்லை எடுத்து நாலு தட்டுத் தட்டி, “அனுஷம், விருச்சிக ராசி, சித்தி” என்று சொல்லிவிட்டாள். கலர்கலராகக் கட்டம். மல்லிகா வாயைப் பிளந்து பார்த்தாள். “இம்புட்டுத்தானா?” என்றாள் மல்லிகா. பிறகு பூரணவல்லியைப் பார்த்து, “நீங்களும் எழுதிக் குடுங்கக்கா, சாமிகிட்ட வைக்கணும்ல” என்றாள். நீங்களும். சௌமியா உடனே, “அக்கா எழுதுறதுதான் கணக்கு, இது சும்மா வெளாட்டுக்கு” என்றாள். அதுவும் தாங்கவில்லை. அவள் ஒரு நாளாவது திமிராக ஒரு வார்த்தை பேசிவிட்டால் போதும் என்று பூரணவல்லி ஒரு வருஷமாகக் காத்திருக்கிறாள், பேசமாட்டேன் என்கிறாள்.

கரண்டு போனால் நன்றாக இருக்கும். தானாகவே போனால் யார் மேலும் குற்றம் இல்லை. பேட்டரிப் பெட்டி தாங்கும், ஆனால் அதுவும் பழசு, ரொம்ப நேரம் தாங்காது, ‘கீ கீ’ என்று கத்திவிட்டு அடங்கிவிடும். மேலே சுற்றிய காற்றாடியை அண்ணாந்து பார்த்தாள். அது நிற்பதாக இல்லை. மாதத்தில் பாதி நாள் கேட்காமலே போகிற கரண்டு இன்றைக்கு அசையாமல் நிற்கிறது. இது யார் மனசு, என்னுடையதா, இப்படிக் கேட்கிறதா? போனால் கெட்டுப்போவது பழசுதான் என்று அவள் சொல்லிவிட்டுத்தானே போனாள், அது என் பழசு, அது அழிய நானே வேண்டுவேனா? வேண்டினாள். ஓரமாக ஒதுக்கி நிறுத்தி வைத்து, தொட்டால் வா, தொடாவிட்டால் நில் என்று சொல்லப்படுவதைவிட ஒரேயடியாகப் போய்விடட்டும். நாலு பேர் அய்யோ பாவம் என்பார்கள். இவர்கூட ஒரு வார்த்தை, உன் ஜாதகப் பெட்டி போச்சே பூரணம் என்று கேட்கமாட்டாரா? அப்படிக் கேட்டு அவர் நெற்றி சுருங்குவதை அவள் பார்த்தேவிட்டாள், புள்ளிகள் ஓடும் நீலத்தில் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது, அதே நேரம் வாசலில் சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டு உண்மையான மனுஷர் உள்ளே வந்தார். முதல் ஷிப்ட் முடிந்து வந்த ராமசுப்பு செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “ஆரம்பிச்சாச்சா? சௌமியா எங்க?” என்றார். மேலே என்று கையைக் காட்டினாள். குனிந்து திரையைப் பார்த்தார், அவள் தோளுக்கு மேலே அவர் மூச்சு பட்டது. “எம்புட்டு ஓடியிருக்கு, எப்ப முடியுமாம்?” தெரியலையே என்றாள். “உனக்கு என்ன தெரியப்போகுது, இரு, அவ வந்து சொல்லுவா” என்றார், கோபமில்லை, குத்தலில்லை, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரல். “பாவம், ஒரு வாரமா இதோட மல்லுக்கட்டுது. மசால்வடைன்னா அதுக்கு உசுரு. சூடா போடுற நேரம்தான், வாங்கிட்டு வந்துர்றேன்.” ஷிப்ட் முடிந்து வந்த மனுஷன் தண்ணீர்கூடக் கேட்காமல் திரும்ப சைக்கிளை எடுத்தார். உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. பூரணவல்லிக்கு மசால்வடை ஆகாது, வயிற்றுக்குச் சேராது, அதனால் கேட்டிருக்க மாட்டார், நியாயம்தான். ஆனால் வயிற்றுக்கு ஆகாது என்று தெரிந்து கேட்காமல் போனாரா, ஞாபகமே இல்லாமல் போனாரா?

ராகுகாலத்தில் ஆரம்பித்தது விளங்காது. வெளியே கிளம்பும்போது சகுனம் சரியில்லை என்றால் திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்புகிறோம் இல்லையா, அந்தப் பயணம் புதுப் பயணம்தானே, பழைய தோஷம் அதைத் தொடாதே. இதையும் நிறுத்தி, நாலரை தாண்டியதும் ஆரம்பித்தால் என்ன கெட்டுவிடும்? இது ஒரு காரணம். நல்ல காரணம், யாரும் குறை சொல்ல முடியாத காரணம், அவள் வாழ்க்கை முழுவதும் அப்படித்தான் செய்திருக்கிறாள். காரணம் நாக்கில் உருண்டுகொண்டிருக்கும்போதே அது காரணம் இல்லை என்றும் அவளுக்குத் தெரிந்தது. குனிந்தாள். மேசைக்கு அடியில் ஒட்டடையும் வயரும் பின்னிக் கிடந்தன, பேட்டரிப் பெட்டியின் பச்சை விளக்கு பூனைக்கண் மாதிரி எரிந்தது. கட்டைவிரல் வைத்தாள், அழுத்தினாள். ஒரு சின்ன ‘டக்’. அவ்வளவுதான். பெட்டிக்குள் இதுவரை கேட்டுக்கொண்டிருந்தது என்றே தெரியாத ஒரு இரைச்சல் அடங்கியது. கறுத்த திரையில் ஒரு பொம்பளை முகம், வாய் லேசாகத் திறந்து, தலைமுடி கலைந்து. அடுப்படிக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள், நாலரை தாண்டியது, மனசுக்குள் பிள்ளையாரை நினைத்துக்கொண்டு திரும்ப வந்து சுவிட்சைப் போட்டாள், பெட்டியைப் போட்டாள். நீலம் வரவில்லை. நட்சத்திரமும் வரவில்லை. கறுப்பில் ஒற்றை வரி, வெள்ளை இங்கிலீஷ் எழுத்து, எழுத்துக்கூட்டி முதல் வார்த்தையை மட்டும் படித்தாள். நோ. அதற்குமேல் படிக்கத் தேவையிருக்கவில்லை. பயம்தான் என்று முதலில் நினைத்தாள், பயத்துக்கு அடியில் ஒரு குளிர்ச்சி இருந்தது, வேண்டாத விருந்தாளியை வாசலோடு அனுப்பிவிட்ட குளிர்ச்சி.

சௌமியா இறங்கிவந்து திரையைப் பார்த்தாள். பிறகு குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள். பல வருஷத்து ஒட்டடை அறுந்து தொங்கியது. நிமிர்ந்து பூரணவல்லியின் முகத்தைப் பார்த்தாள். கேள், கேளேன் என்று பூரணவல்லி உள்ளுக்குள் மன்றாடினாள், ஏன் அணைத்தீர்கள் என்று ஒரு சத்தம் போடு, நான் உன்னைவிட மூத்தவள், அப்படித்தான் அணைப்பேன் என்று நானும் ஒரு சத்தம் போடுகிறேன், ஒரு வருஷத்துக் கணக்கு தீர்ந்துவிடும். அதற்குள் ராமசுப்பு எண்ணெய் ஊறிய பொட்டலத்தோடு வந்து, “என்னம்மா, கறுப்பா கெடக்கு?” என்றார். சௌமியா கண்ணை எடுக்காமல், “என் தப்புதான் பெரியத்தான். ஒரு எடத்துல அவசரத்துல மாத்திக் குடுத்துட்டேன். பழசு போயிருச்சு. அக்கா எழுதுன ஜாதகத்தையெல்லாம் நேத்தே என் லேப்டாப்புல எடுத்து வச்சுட்டேன், அது ஒண்ணும் ஆகல. இனிமே புதுசு மட்டும்தான் ஏத்த முடியும்” என்றாள். ராமசுப்பு பொட்டலத்தைப் பிரித்தபடி, “போனாப் போகுது, பழசுதான. நீ ஒண்ணும் மனசுல வைக்காத, முதல்ல சாப்பிடு” என்றார். நெற்றி சுருங்கவில்லை. சௌமியா துண்டை மறுபடி செருகினாள், திரை நீலமானது, முக்காலி இழுபட்டது, ஒரு கையில் வடையோடு அவர் கழுத்தை நீட்டினார். “இப்ப என்ன கேக்குது? எது நல்லதும்மா, மேல உள்ளதா கீழ உள்ளதா?”

பூரணவல்லி அவர்கள் இருவரின் முதுகையும் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கையால், அவள் புத்தியால் செய்த ஒரே காரியம். அதையும் இவள் எடுத்துக்கொண்டாள். ஜாதகம் மாடிக்குப் போய்விட்டது, இனிமேல் ஒரு பிள்ளையின் நட்சத்திரம் பார்க்கவும் படியேறி நிற்க வேண்டும், போகட்டும், செய்த தப்பாவது என்னுடையதாக இருக்கக்கூடாதா? “நான்தான் அணைச்சேன்” என்றாள். சத்தம் அவள் நினைத்ததைவிடச் சின்னதாக வந்தது. ராமசுப்பு திரும்பாமலே சிரித்தார். “நீயா? ராகுகாலத்துல தீக்குச்சி கிழிக்க மாட்ட நீ, கரண்டு சுவிட்ச தொடுவியாக்கும்.” நான்தான், அந்தப் பெட்டியை, கீழே குனிந்து, என்று அவள் சொல்லச்சொல்ல அவர் தலையை ஆட்டினார். “பாத்தியாம்மா சௌமியா, நீ சங்கடப்படக் கூடாதுன்னு பழியத் தன் தலையில இழுத்துப் போட்டுக்கிடுதா. ஓரகத்தின்னா இப்படில்ல இருக்கணும். சரி சரி, ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கோங்க.” சௌமியாவின் விரல் மவுசின்மேல் அசையாமல் இருந்தது. அவளுக்குத் தெரியும். இந்த வீட்டில் பூரணவல்லியைத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்பது திடீரென்று உறைத்தபோது நெஞ்சு காந்தியது, இதற்கும் இவள்தானா, இதற்காவது அவர் இருந்திருக்கக் கூடாதா. அடியில் எண் ஏறிக்கொண்டிருந்தது. “அக்கா” என்றாள் சௌமியா, மெல்ல, வேண்டாம் என்பதுபோல.

பூரணவல்லி இருவருக்கும் நடுவே புகுந்து மண்டியிட்டாள். முக்காலி சரிந்தது, ராமசுப்பு வடையோடு காலை இழுத்துக்கொண்டார். அவசரப்படவில்லை, ஒளிக்கவில்லை, புடவையை ஒதுக்கிக்கொண்டு கையை நன்றாக நீட்டி, இரண்டு பேரும் பார்க்கும்படி கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். நீலம் போயிற்று. காற்றாடி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. சௌமியா மவுசிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ராமசுப்பு மென்றுகொண்டிருந்ததை விழுங்கினார். பிறகு திரும்பினார். திரையிலிருந்து, சௌமியாவிடமிருந்து, முழு உடம்பையும் திருப்பித் தரையில் மண்டியிட்டிருந்தவளைப் பார்த்தார், யாரோ புதிதாக வீட்டுக்குள் வந்துவிட்டதைப் போல, இவள் யார் என்று கண்டுபிடித்தே தீர வேண்டும் என்பதுபோலப் பார்த்தார். “பூரணம்” என்றார், “என்ன உனக்கு?” அவர் திரும்ப வேண்டும் என்பதுவரைக்கும்தான் அவள் யோசித்திருந்தாள். தரையில் கையூன்றியபடி அந்த முகத்தை அண்ணாந்து பார்த்தாள்.